கரையோரம் ஆறு வெள்ளை இழைகள்

ரோம், நவம்பர் 14

அன்புள்ள நீவெஸுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஈரக்காற்று தொடங்கியிருக்குமே, உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். உன் அண்ணன் இறந்ததை நான் உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன் என்று எங்கள் ஊர்வலக் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். கூந்தல் அலங்காரம் செய்யும் மொரேனா வந்து சொன்னாள். அது சரியல்ல. செத்திமியோ அக்டோபர் 9 காலை இறந்தார். அன்று மாலையே உனக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்தின் மேலே அந்தத் தேதிதான் இருக்கிறது, நீயே பார்த்திருப்பாய். உனக்குக் காது கேட்காது, அதனால் தொலைபேசியில் சொல்ல வழியில்லை. கடிதம் உன்னிடம் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. பதினொன்றாம் தேதியே அடக்கம் முடிந்துவிட்டது. தபாலுக்கு நான் பொறுப்பாக முடியாது.

இனி வேலை விஷயம். இருபத்திரண்டு வருடமாக நீ நெய்த துணியில்தான் இந்தக் குழுவின் பெண்களுக்குப் பழைய ரோமானிய உடை தைத்து வருகிறேன். வரும் ஏப்ரல் 21, நகரத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தில், நான் வழக்கமான வெள்ளை அங்கியில் நடக்கப்போவதில்லை. அது கணவன் இருக்கும் பெண்ணின் உடை. அந்தக் காலத்து விதவை ரிசினியம் என்ற கறுப்புப் போர்வையைப் போட்டுக்கொண்டாள். பத்து மாதம் துக்கம். ஏப்ரல் அந்தப் பத்து மாதத்துக்குள் வருகிறது. ஆகவே எனக்கு அது வேண்டும்.

சதுரமாக, பக்கத்துக்கு ஒன்றரை மீட்டர். சாயம் போட்ட நூல் வேண்டாம். கறுப்பு ஆட்டின் ரோமம், பிறந்த நிறத்தில். நான் வெட்டித் தைக்கப்போவதில்லை. தறியிலேயே நான்கு கரையும் முடிந்து வர வேண்டும். அதை எப்படிப் போர்த்தினார்கள் என்று மூன்று புத்தகம் பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

முடியுமா என்று எழுது.

உன் அண்ணி,
ஒர்த்தென்சியா


அக்விலேயா, டிசம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதமாகப் பதில் எழுதுகிறேன், மன்னியுங்கள். முழங்கால் அதன் வேலையைச் செய்கிறது, அதாவது வலிக்கிறது. இங்கே பத்து நாளாக மூடுபனி. பக்கத்து ரொட்டிக் கடை புருனோ கடை வாசலில் நின்று கையை ஆட்டினால் கை மட்டும் தெரிகிறது.

நெய்து தருகிறேன். மலைப்பக்கத்து ஆட்டுக்காரனிடம் கறுப்பு ரோமம் கேட்டேன். அவன் என் முகத்துக்கு நேரே நின்று, உதட்டசைவு தெரியும்படி கேட்டான்: "கறுப்பா? வெள்ளையே விக்க மாட்டேங்குது, கறுப்பை யாருக்கும்மா?" என் அண்ணிக்கு என்றேன். "அண்ணி என்ன, சாமியாரா?" என்றான். கிட்டத்தட்ட என்றேன். ஐந்து கிலோ தந்தான். வெயில் பட்ட நுனியெல்லாம் பழுப்பாக இருக்கிறது, கழித்துத்தான் எடுக்க வேண்டும். நூற்கவே ஜனவரி முழுதும் போகும்.

உங்கள் அக்டோபர் கடிதம் உறையோடு என் நூல் கதிர்ப் பெட்டியில் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அதில் நாலு வரிதான் இருக்கிறது. அண்ணனுக்கு என்ன உடுத்தி அனுப்பினீர்கள்? யார் யார் வந்தார்கள்? அவன் கடைசியாக என்ன சொன்னான்? நான் பார்க்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

நீவெஸ்


ரோம், டிசம்பர் 28

அன்புள்ள நீவெஸுக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி வந்தது. நான்கே நாள். நான் சாப்பிடுகிறேன். பண்டிகைக்கு மாடி வீட்டுக்காரி சூப்பில் போட்ட மாவுப் பொட்டலங்கள் கொண்டுவந்தாள். உப்பு இருந்ததா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, இருந்தது என்று சொன்னேன்.

உன் கேள்விகளுக்கு: பழுப்பு சூட். அவரோடு டிராம் ஓட்டிய பணிமனைக்காரர்கள் பதினோரு பேர், குழுவிலிருந்து ஏழு பேர், பங்குச் சாமியார்.

பழுப்பு நுனியை முழுதும் கழிக்காதே, கொஞ்சம் கலந்திருக்கட்டும். ஒரே சீரான கறுப்பு சாயத் தொட்டியில் இருந்துதான் வரும். பார்க்கிறவனுக்கு அது தெரிந்துவிடும். நெடுக்கே போகும் பாவு நூலை இறுக்கமாகப் பிடி. குறுக்கே ஊடை இழை ஒரு விரல் அகலத்தில் பதினெட்டு ஓட வேண்டும்.

குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. தலைவர் கல்தெரோனியை உனக்குத் தெரியும், பல் டாக்டராக இருந்தவர்.

"அம்மா, நகரத்தோட பொறந்தநாளு. அன்னிக்குப் போயி கறுப்புலயா?" என்றார்.

"பொறந்தநாளுக்கு விதவை வரக்கூடாதா டாக்டர்?"

"ஐயோ, வரலாம், வரலாம். வழக்கம்போல வெள்ளையில, முன் வரிசையில வாங்க. கறுப்பைப் பாத்தா வேடிக்க பாக்க வந்த ஜனம் சவ ஊர்வலம்னு நெனச்சுக் கலைஞ்சு போயிடும்."

"போன வருஷம் நீங்க மூக்குக்கண்ணாடியோட செனட்டரா வந்தீங்க. யாரும் கலையலையே."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு கையைத் தூக்கி வாக்கெடுத்தார்கள். ஒன்பதுக்கு ஏழு. நான் வரலாம், ஆனால் ஊர்வலத்தின் கடைசியில், குதிரைகளுக்கும் பின்னால். சரி என்றேன். எங்கே நடக்கிறேன் என்பது எனக்குப் பெரிதில்லை.

செத்திமியோ இருந்திருந்தால் அந்த டாக்டரை ஏதாவது சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

புத்தாண்டு உனக்கு நன்றாக அமையட்டும்.

ஒர்த்தென்சியா


அக்விலேயா, பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

குளிர் எலும்பைத் தொடுகிறது, அங்கே உங்களுக்கு எப்படி? நூல் முடிந்தது. பழைய முறைப்படி நிமிர்ந்த தறியில் பாவு கட்டி, கீழே மண் எடைகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். முப்பத்தாறு எடைகள். நெய்யும்போது அவை ஒன்றோடொன்று இடிக்கின்றன. எனக்குச் சத்தம் கேட்காது, ஆனால் தரை வழியாக உள்ளங்காலுக்குத் தெரியும். முன்பு இங்கே வந்தபோது செத்திமியோ அதன் முன்னால் நின்று டிராம் மணி அடிப்பதுபோல் நடித்துக் காட்டினான், உங்களுக்கு நினைவிருக்கிறதா? "அடுத்த நிறுத்தம் அக்விலேயா! வாத்துங்கல்லாம் எறங்கு!" நீங்கள் கோபித்துக்கொண்டீர்கள்.

கல்தெரோனியைக் குதிரைக்குப் பின்னால் போடச் சொல்லுங்கள். அவருக்குத்தான் அந்த இடம் பொருந்தும்.

டிசம்பரில் நான் மூன்று கேள்வி கேட்டேன். இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதை நீங்கள் மறந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவன் கடைசியாக என்ன சொன்னான்?

இன்னொன்று. விதவைக்கு ரிசினியம் என்றால், உடன்பிறந்தவளுக்கு அந்தக் காலத்தில் என்ன உடை?

நீவெஸ்


ரோம், பிப்ரவரி 11

அன்புள்ள நீவெஸுக்கு,

இங்கே குளிர் தாங்கும் அளவுதான். உடன்பிறந்தவளுக்கு என்ன உடை என்று நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. இல்லாததை இருப்பதாக எழுத என்னால் முடியாது.

ஞாயிறன்று முதல் உடைப் பரிசோதனை நடந்தது. எல்லாரும் மேசைக்கு வந்து விளிம்பைத் திருப்பிக் காட்ட வேண்டும், அது நான் வைத்த விதி. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்திருந்தாள்.

"யாரு பாக்கப்போறாங்க ஆன்ட்டி? மேல போர்வை வந்துடுமே."

"நான் பாத்துட்டேனே."

"நீங்க பாக்கலேன்னு நெனச்சுக்குங்க!"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவ ஒருத்தி உடுப்பை நீ போட்டுக்கற. அவ மறுத்துப் பேச முடியாது. அதனால நான் பேசறேன். பிரிச்சுட்டு வா."

அவள் கண் கலங்கிவிட்டது. மொரேனா, அந்தக் காலத்து முறைப்படி எலும்பு ஊசியும் நூலுமாக யாருடைய கொண்டையையோ தைத்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலேயே, "ஒர்த்தென்சியா அம்மா, அவ பொழைச்சுப் போகட்டும். செத்தவளுக்கு ஒரு ஜிப்பால ஒண்ணும் ஆகாது" என்றாள். நான் விடவில்லை.

அன்று ஒரு வெள்ளைத் தோள்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தபோது அதில் சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஊசி விரலில் ஏறியிருந்தது, எப்போது என்று எனக்குத் தெரியாது. என் எச்சிலையே தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. நம் ரத்தம் நம் எச்சிலுக்குத்தான் போகும் என்று மடத்துப் பள்ளியில் சிஸ்டர் கொன்சோலாத்தா சொல்லிக்கொடுத்தது. விரல் வலித்திருக்க வேண்டும்.

துணி மார்ச் கடைசிக்குள் வர வேண்டும்.

ஒர்த்தென்சியா


அக்விலேயா, மார்ச் 20

அண்ணிக்கு,

நலம்தானே? துணி இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அலசிவிட்டேன், காயவைக்கும்போது இழுக்கவில்லை. அளவு சரியாக இருக்கும்.

நீவெஸ்


ரோம், மார்ச் 27

அன்புள்ள நீவெஸுக்கு,

உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவில்லை. எழுது.

துணி வந்தது. கனமும் மடிப்பு விழும் விதமும் நான் கேட்டபடியே இருக்கின்றன. நிறம் மிக நன்று. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு கரையிலிருந்து நாலு விரல் தள்ளி ஆறு வெள்ளை இழைகள் ஓடியிருக்கின்றன. ஒன்று என்றால் நூல் கதிர் மாறிவிட்டது என்பேன். இரண்டு என்றால் வெளிச்சம் போதவில்லை என்பேன். ஆறு இழை, ஒன்றையடுத்து ஒன்று, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை. இருபத்திரண்டு வருடத்தில் நீ இப்படிச் செய்ததில்லை. துக்கப் போர்வையில் வெள்ளை வரக்கூடாது என்பது உனக்குத் தெரியும்.

ஊசியால் உருவி எடுத்துவிட்டுக் கறுப்பு நூல் கோத்துவிடலாமா, அல்லது அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துவிடலாமா? மீதிக் கறுப்பு நூல் இருந்தால் அனுப்பு. கண் பரிசோதனைக்குப் போய்வா. இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

ஒர்த்தென்சியா


அக்விலேயா, ஏப்ரல் 2

அண்ணிக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாக இருக்கிறது.

அது தவறு இல்லை. வெள்ளை நூலை நானே எடுத்தேன், நானே ஆறு தடவை ஓட்டினேன், எண்ணிக்கொண்டே ஓட்டினேன்.

நீங்கள் எல்லாருடைய விளிம்பையும் திருப்பிப் பார்ப்பவர். நானும் உங்கள் உறையைப் பார்த்தேன். கடிதத்தில் அக்டோபர் 9 என்று உங்கள் கையெழுத்து. தபால் முத்திரையில் அக்டோபர் 15. ரோம் முத்திரை, கொஞ்சமும் அழியாமல் இருக்கிறது. தபால் ஒன்பது நாள் எடுக்கவில்லை அண்ணி. மூன்று நாள்தான் எடுத்தது. ஆறு நாள் கடிதம் உங்களிடம் இருந்தது.

நவம்பரில் நீங்கள் தபாலைக் குறை சொல்லி எழுதியபோதே எனக்குத் தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். நீங்கள் பழுப்பு நுனியைப் பற்றி எழுதினீர்கள்.

அந்த ஆறு நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனுக்குக் காலுறை பின்னிக்கொண்டிருந்தேன். புருனோ கடையில் உட்கார்ந்து என் அண்ணன் டிராம் ஓட்டிய கதையைச் சொல்லிச் சிரித்தேன். 20ஆம் தேதி அவன் பிறந்தநாள், 14ஆம் தேதி வாழ்த்து அட்டை எழுதிப் போட்டேன். அவனைப் புதைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. நீண்ட ஆயுள் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். அந்த அட்டை உங்களுக்கு வந்திருக்கும். அதைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

காது கேட்காது என்பது உண்மை. புருனோ கடைத் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தது. இரவு ரயிலில் ஏறியிருந்தால் பதினொன்றாம் தேதி காலை நான் அங்கே இருந்திருப்பேன்.

கறுப்பு நூல் மீதி இருக்கிறது. அனுப்ப மாட்டேன். உருவுவதென்றால் உருவிக்கொள்ளுங்கள், துணி உங்களுடையது. ஆறையும் நான்தான் நெய்தேன் என்று தெரிந்துகொண்டு உருவுங்கள்.

நீவெஸ்


ரோம், ஏப்ரல் 23

அன்புள்ள நீவெஸுக்கு,

நான் நலம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. நீ நலமாக இருக்க வேண்டும்.

மூன்று வாரமாக உனக்குப் பதில் போடவில்லை. ஊர்வலம் முடியட்டும் என்று இருந்தேன். நேற்று முன்தினம் அது முடிந்தது.

நீ எழுதியது எல்லாம் சரி. கடிதத்தை 9ஆம் தேதி எழுதினேன், 15ஆம் தேதி தபாலில் போட்டேன். குழுவில் பேசிக்கொண்டது உண்மை. நான் மறுத்தது பொய். புருனோவின் எண் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

உன் மூன்றாவது கேள்விக்குப் பதில் இது. அன்று காலை அவருக்குப் புது அங்கி அளவு பார்த்துக்கொண்டிருந்தேன், நீ போன வருடம் நெய்து அனுப்பிய துணி. அவர் நின்றிருந்தார், நான் கீழே மண்டியிட்டு விளிம்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வாயில் குண்டூசிகள்.

"ஒர்த்தென்சியா, மூச்சு வாங்குது. செத்த உக்காந்துக்கறேன்" என்றார்.

"ஆடாம நில்லுங்கன்னு எத்தன தடவ சொல்றது? விளிம்பு முடியட்டும்" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றார்.

அதுதான் கடைசி. நின்றார். நான் இன்னும் நாலு ஊசி குத்தினேன். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். விளிம்பு கலைந்துவிட்டதே என்று நான் ஏதோ சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

மாலையில் உனக்கு நாலு வரி எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். விளிம்பைத் தைத்து முடித்துவிட்டுத் தபாலில் போடலாம் என்று ஊசிப் பெட்டியில் வைத்தேன். தைத்தேன். கோணலாக இருந்தது, பிரித்தேன். மறுநாளும் அப்படியே. அடக்கத்துக்குப் போய் வந்தும் தைத்தேன். ஆறாவது நாள் விளிம்பு சரியாக வந்தது. எழுந்து போய்க் கடிதத்தைப் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அழவில்லை. இன்றுவரை இல்லை.

வாழ்த்து அட்டை 17ஆம் தேதி வந்தது. அவர் பெயருக்கு வந்தது, நான் திறக்கவில்லை. பிறர் கடிதத்தைத் திறப்பது எனக்குப் பழக்கமில்லை. அவர் தொப்பி வைக்கும் அலமாரியில் இருக்கிறது.

இழைகளை உருவவில்லை. ஊர்வலத்தன்று காலை நானும் மற்றவர்களைப்போல் பரிசோதனை மேசைக்குப் போனேன். என் உடையை நானே பரிசோதிக்கக் கூடாது, மொரேனா பார்த்தாள். நகையில்லை, தலையில் ஒரே ஒரு எலும்பு ஊசி. அதெல்லாம் சரி என்றாள். பிறகு போர்வையைத் திருப்பினாள்.

"ஒர்த்தென்சியா அம்மா, இங்க ஆறு இழ தப்பியிருக்கே!"

"தெரியும்."

"ஒங்ககிட்டயா? நம்பவே முடியல! சரி, யாருக்கும் சொல்ல மாட்டேன். இந்தப் பக்கத்த உள்ள தள்ளி மடிச்சிடுங்க, தெரியாது."

ஜிப் வைத்த அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். ஜிப்பைப் பிரித்து, கையால் தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் என்னையே பார்த்தாள்.

"மடிக்க மாட்டேன். நெய்ஞ்சவ மேல தப்பில்ல. தப்பு என்னோடது. அது வெளியிலதான் இருக்கணும்" என்றேன்.

மொரேனா போர்வையைக் கையில் வாங்கினாள். வெள்ளை இழைகள் முகத்தோரம் வரும்படி அவளே போர்த்திவிட்டாள். புத்தகம் சொல்லும் மூன்று விதத்திலும் அது சேராது. அப்படியே குதிரைகளுக்குப் பின்னால் நடந்தேன். ஜனம் கலையவில்லை. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து போர்வையை எடுத்தபோது கன்னத்தில் அந்த இழைகள் உராய்ந்த இடம் எரிந்தது. ஆறு மாதத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் கடிதத்தை எப்படி முடிப்பது என்று மடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாக்கியங்களெல்லாம் எனக்கு மனப்பாடம். உனக்கு அவற்றை எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 9 அன்று பத்து மாதம் முடிகிறது, போர்வையைக் கழற்ற வேண்டும். அன்று காலை கல்லறைக்குப் போவேன். நீ வந்தால் அவருக்குத் தைத்த அந்த அங்கி உன்னுடையது, விளிம்பு தைத்தே இருக்கிறது. அட்டையையும் நீயே திறக்கலாம், எழுதியவள் நீ. வர மனமில்லை என்றால் அதுவும் நியாயம்தான்.

வருவாயா, மாட்டாயா? ஒரு வரி போதும். உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு. இந்தக் கடிதத்தை இன்றே போடுகிறேன். முத்திரையைப் பார்.

ஒர்த்தென்சியா